கையால் அடித்த கடிதம்

சபேசன் ‘அன்’ என்று அடித்துவிட்டுக் காத்திருந்தான். மீதி வரவில்லை.

“நின்னுடுச்சுங்களா?”

“நிக்கலை. நீங்க அடிக்கணும்,” என்றாள் தமயந்தி.

நாட்டின் கணினிகள் எல்லாவற்றிலும் இப்போது முடிப்பான்தான் இயங்கியது. இரண்டெழுத்து அடித்தால் கடிதத்தையே முடித்துத் தரும். வாடகை ஒப்பந்தம், காதல், இரங்கல், எதுவானாலும். மனிதர்கள் ஏற்புவிசையை அழுத்தினால் போதும். வரும் கடிதங்களையும் அதுவே படித்து, நல்லதா கெட்டதா என்று சொல்லிவிடும். அதை உருவாக்கியவன் சபேசன்.

தமயந்தியின் மேசைக் கணினியில் இருந்தது தும்பி. யுனிக்ஸ் மரபில் வந்த சிறிய இயங்குதளம். உலகம் முழுவதும் சில நூறு பேர் வைத்திருந்தார்கள். அதில் எந்த நிரலும் மனிதனுக்குப் பதிலாக எழுத முடியாது. விரல் பட்டு வந்த எழுத்துகளுக்கு மட்டும், மனிதன் அடித்தது என்று கைமுத்திரை வைக்கும். ‘உறுதியா?’ என்று எதற்கும் கேட்காது. அந்தக் கேள்வியைத் தும்பிக்காரர்கள் வேண்டுமென்றே எழுதாமல் விட்டிருந்தார்கள். அனுப்புவதைப் படிக்காத ஒருவன் தும்பியின் முன் உட்காரமாட்டான் என்று நம்பினார்கள்.

தும்பியின் கருநிரல் தமயந்தி எழுதியது. அவள் அதை வெளியிடுமுன், அப்போது அலுவலகத்தில் பக்கத்து மேசையில் இருந்த சபேசன் பிரதி எடுத்தான். முடிப்பான் அதிலிருந்துதான் வளர்ந்தது. திருடியது அவள் என்று நிறுவன விசாரணையில் சொன்னான். அதன்பிறகு கோவையில் ஒரு நிறுவனமும் அவளுக்கு வேலை தரவில்லை.

இன்று அவளுடைய நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். மற்ற தும்பிக்காரர்கள் அவனை வாசலிலேயே திருப்பி அனுப்பியிருந்தார்கள்.

மனைவி இறந்தபோது மகள் மேகலாவுக்கு அவன் ஆறுதல் கடிதம் அனுப்பினான். மேகலாவின் தோழிக்கும் அதே மாதம் தன் அப்பாவிடமிருந்து ஓர் ஆறுதல் கடிதம் வந்திருந்தது. இரண்டும் வரிக்கு வரி ஒன்றேதான். அதோடு மேகலா பேச்சை நிறுத்திவிட்டாள். வரும் வெள்ளிக்கிழமை செவ்வாய்க் கிரகக் குடியிருப்புக்குக் கிளம்புகிறாள். அங்கே போனவர்கள் திரும்புவதில்லை. கைமுத்திரையுள்ள கடிதம் வந்தால் மட்டும் அப்பாவைப் பார்ப்பதாகச் சொல்லியிருந்தாள்.

“மனசுல இருக்கு. வரிசையா வரமாட்டேங்குது,” என்றான் சபேசன். “நீங்களே அடிச்சுக் குடுத்துடுங்களேன். உங்க விரலும் விரல்தானே.”

“உங்க முடிப்பானைக் கேக்கறதுதானே.”

“குத்திக் காட்டாதீங்க தமயந்தி. பொண்ணு போயிடுவா.”

அவள் விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்தாள்.

‘அன்புள்ள மேகலா, அம்மா இறந்தபோது உனக்கு எழுதியது நான் அல்ல. எனக்குத் துணிவில்லை. ஒரு பெண்ணின் உழைப்பைத் திருடித்தான் நான் பெரிய ஆளானேன். பழியையும் அவள்மேல் போட்டேன்.’

“படிச்சுப் பாருங்க.”

“நல்லாத்தான் இருக்கும். எதை அழுத்தணும்?”

“என்டர்.”

அழுத்தினான்.

காபி ஆறுவதற்குள் பதில் வந்தது.

‘அப்பா, எந்த முடிப்பானும் தன் முதலாளியைத் திருடன் என்று எழுதாது. இதை எழுதியது நீங்கள்தான். ஒன்று மட்டும் சொல்லுங்கள். அந்தப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்டீர்களா? கேட்டிருந்தால் நாளைக்கே வாருங்கள். இல்லையென்றால் வர வேண்டாம்.’

“என்ன சொல்றா? நல்லதா, கெட்டதா?”

“ஒரு கேள்வி கேட்டிருக்கா.” தமயந்தி திரையை அவன் பக்கம் திருப்பினாள். “படிங்க.”

அவன் மணிக்கட்டுத் திரையில் விமானச் சீட்டு தேடிக்கொண்டிருந்தான். “நீங்களே பார்த்து ஏதாவது போட்டுடுங்க. முதல்ல போட்டதுக்கே பதில் வந்துடுச்சே. உங்களுக்குக் கைராசி.”

அவள் சற்று நேரம் அவனைப் பார்த்தாள். காத்திருந்தாள் என்றும் சொல்லலாம். அவன் ஜன்னலோர இருக்கையைத் தேர்ந்தெடுத்தான்.

அவள் அடித்தாள்.

‘இல்லை. அவள் என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறாள். இன்னும் கேட்கவில்லை.’

விசைப்பலகையை அவன்முன் நகர்த்தினாள்.

“என்டர்தானே?”

“அதேதான்.”

அழுத்தினான். தும்பி எதுவும் கேட்கவில்லை. கைமுத்திரை விழுந்தது. கடிதம் போய்விட்டது.

“ரொம்ப நன்றிங்க,” என்று எழுந்தான். “என்ன போட்டீங்க?”

“திரையில இருக்கு,” என்றாள் தமயந்தி. “இப்பப் படிங்க.”