பிறிஜெற் வீட்டு ஹரிக்கேன்

சத்தியநாராயணன் தோசையின் கடைசித் துண்டைச் சட்னியில் தோய்த்தபோது அழைப்புமணி அடித்தது. கப்பல் சரக்குக் காப்புறுதியில் சேதம் மதிப்பிடும் சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். ஒரு பொருள் தானாக உடைந்ததா, யாராவது உடைத்தார்களா என்று சொல்வதே அவருடைய தொழிலாக இருந்தது. ஓய்வுக்குப் பிறகும் தெரிந்தவர், தெரியாதவர் எல்லாரும் தங்கள் சிக்கல்களைத் தூக்கிக்கொண்டு கொழும்பு வெள்ளவத்தையில் அவருடைய மாடிக்கு ஏறினார்கள். அவரும் முகம் சுளிக்காமல் கேட்டார்.

முதலில் நுழைந்தவன் கீழ்மாடி அனுஜன். நாற்பதை நெருங்கும் வங்கி அதிகாரி. துப்பறியும் விஷயம் என்றால் அழைக்காமலே வந்து ஒட்டிக்கொள்கிறவன். அவனுக்குப் பின்னால், துவாயில் சுற்றிய பொதியை அணைத்தபடி, இளைப்பாறிய கணித ஆசிரியை பிறிஜெற் நின்றார். அவர் செருப்பைக் கழற்றிய இடைவெளியில் அனுஜன் குரலைத் தாழ்த்தினான்.

"அங்கிள், அது அதே பிளேன்தான். நீங்கள் பாத்திட்டு அதுதான் எண்டு ஒரு சொல் சொன்னாக் காணும். மனுசி நிம்மதியாயிடும்."

பிறிஜெற் கதிரையில் அமர்ந்து துவாயை விரித்தார். உள்ளே ஒரு முழ நீளத்தில் மரத்தால் செய்த போர்விமானம் இருந்தது. உலக யுத்தக் காலத்தில் கொழும்புக் குதிரைப் பந்தயத் திடலிலிருந்து எழும்பிய ஹரிக்கேன் வகை.

"இது என்ர மனிசன் லியனாட் செய்த பிளேன் இல்லை, ஐயா," என்றார் அவர். "எல்லாரும் இதுதான் அது எண்டினம். அவையள் சொல்றது சரியெண்டா எனக்கு மண்டை பிழைச்சிட்டுது. அதை மறைக்காமல் சொல்லுங்கோ. மெல்பேணில இருக்கிற என்ர மகள் யூஜினா அடுத்த கிழமை வாறா. வீட்டை வித்திட்டு, என்னை நீர்கொழும்பில ஒரு முதியோர் இல்லத்தில விடப்போறாவாம். எனக்கு மண்டை பிழை எண்டா நான் பேசாமல் கையெழுத்து வைப்பன். இல்லையெண்டா அந்த வீட்டை விட்டு அசைய மாட்டன்."

யூஜினாவுக்குத் தொலைபேசி எடுத்து, "அன்ரி கொஞ்சம் தடுமாறுறா" என்று சொன்னவன் அனுஜன்தான். பிறிஜெற்றுக்கும் அது தெரியும். கடமையைச் செய்தேன் என்றே அவன் நினைத்திருந்தான். தனியாக இருக்கும் மனுசி, நாளைக்கு அடுப்பை அணைக்க மறந்தால் யார் பதில் சொல்வது என்று தன் மனைவியிடமும் சொல்லியிருந்தான்.

"இந்த பிளேனைப் பத்தி முதல்ல சொல்லுங்க," என்றார் சத்தியநாராயணன்.

பிறிஜெற்றை முந்திக்கொண்டு அனுஜன் சொன்னான். போர்விமானப் பைத்தியம் பிடித்த நால்வர் அவர்கள். காலமான லியனாட், துறைமுகத்தில் வேலை செய்து ஓய்ந்த வின்சன்ற், கொம்பனித்தெருவில் ஸ்டூடியோ வைத்திருக்கும் ரிஸ்னா, அனுஜன். நால்வருமே மரத்தில் விமானம் செதுக்குவார்கள். ஞாயிறு பூசை முடிந்த பிறகு கொட்டாஞ்சேனையில் லியனாட் வீட்டில் கூடுவார்கள். இயந்திரத்தில் தொடங்கும் பேச்சு மீன் விலை, கல்யாண வீடு என்று ஊரெல்லாம் சுற்றி, யாராவது ஒருவர் காலை வாருவதில் முடியும். யுத்தத்தில் குண்டு போட்ட கிபிர் விமானத்தைப் பற்றி மட்டும் ஒருவரும் வாய் திறப்பதில்லை. சிறுவயதில் வன்னியில் பதுங்குகுழிக்குள் இருந்து அதன் சத்தத்தைக் கேட்டவன் அனுஜன். லியனாட் செத்த பிறகும் அவர்கள் வருவதை நிறுத்தவில்லை, பிறிஜெற் கட்லற் பொரிப்பதையும் நிறுத்தவில்லை.

"லியனாட் அங்கிள் புரொப்பெல்லரின்ர இதழைப் பிழையான பக்கம் முறுக்கிப்போட்டார்," என்று சிரித்தான். "அப்பிடி ஒரு பிளேன் இருந்தா அது பின்னாலதான் போகும். வின்சன்ற் அண்ணை அதுக்கு ரிவர்ஸ் பிளேன் எண்டு பேர் வைச்சவர். ஒவ்வொரு ஞாயிறும் அதைச் சொல்லிச் சிரிக்காமல் நாங்கள் எழும்பிறேல்லை."

"சரி. டீச்சர், உங்களுக்கு எப்ப சந்தேகம் வந்துச்சு?"

"ஆவணியில மடுத் திருவிழாவுக்குப் போனனான். வீட்டுச் சாவி இவையள் மூண்டு பேரிட்டையும் மாறி மாறி இருந்தது. பூச்செடிக்குத் தண்ணி ஊத்த. திரும்பி வந்து ஹோல் ஃபேனைப் போட்டன். அலுமாரிக்கு மேல இருந்த பிளேனின்ர மூக்குக் காத்தாடி மாறிச் சுத்தினது. இவனிட்டைச் சொன்னன்."

"காத்து மாறி அடிச்சிருக்கும் அன்ரி எண்டு சொன்னனான்," என்றான் அனுஜன்.

சத்தியநாராயணன் விரலை நீரில் நனைத்து விமானத்தின் வயிற்றுப் பக்கத்தைத் தேய்த்தார். விரல் பழுப்பாக வந்தது. முகர்ந்து பார்த்தார். "தேயிலைச் சாயம். புது வெள்ளைப் பெயின்டைப் பழசாக் காட்டப் பூசியிருக்காங்க," என்றார். பிறகு மேசை ஃபேனை இழுத்து விமானத்தின் மூக்குக்கு நேரே வைத்தார். காத்தாடி மெல்லச் சுழலத் தொடங்கியது.

"டீச்சர், முந்தி எப்படிச் சுத்தும்னு விரலால காட்டுங்க."

பிறிஜெற்றின் சுட்டுவிரல் காற்றில் வட்டம் போட்டது. காத்தாடி அதற்கு நேர் எதிராகச் சுழன்றுகொண்டிருந்தது.

"அனுஜன், நிஜமான ஹரிக்கேன் எந்தப் பக்கம் சுத்தும்?"

"விமானி இருக்கிற இடத்தில இருந்து பாத்தா வலப் பக்கமா..." என்று தொடங்கியவன் குனிந்து இதழ்களைப் பார்த்தான். அவை சரியான பக்கம் முறுக்கப்பட்டிருந்தன. அந்த விமானத்தில் பிழை என்று ஒன்றும் இல்லை. ஆவணிக்குப் பிறகு எத்தனை ஞாயிறு அதற்குக் கீழே உட்கார்ந்து, கட்லற்றைக் கடித்தபடி, இல்லாத பிழையைச் சொல்லி விழுந்து விழுந்து சிரித்திருக்கிறான்.

"உங்களுக்கு மண்டை நல்லா இருக்கு, டீச்சர்," என்றார் சத்தியநாராயணன். "இதை எடுத்த இடத்திலயே வைங்க. நாளைக்கு நானும் கட்லற் சாப்பிட வாறேன்."

பிறிஜெற் துவாயை மடித்தார். அதன் ஓரத்தால் கண்ணைத் துடைத்தார்.

ஞாயிறு காலை கொட்டாஞ்சேனைக்குப் போன பஸ்ஸில் அனுஜன் சும்மா இருக்கவில்லை. "ரிஸ்னாதான் அங்கிள். இந்தப் பிளேனுக்கு என்னவும் குடுப்பன் எண்டு ஒருநாள் சொன்னவ. அசலை எடுத்துப்போட்டு நகலை வைச்சிருப்பா."

"களவெடுக்கிறவங்க பிழையையும் சேர்த்துத்தான் நகல் எடுப்பாங்க. அப்பத்தான் பிடிபட மாட்டாங்க," என்றார் சத்தியநாராயணன். "இதைச் செய்தவருக்கு ஒளிக்கணும்னு ஆசை. ஆனா பிழையாச் செதுக்கக் கை கேக்கல. அது உங்க கூட்டத்து வியாதி."

"அப்ப நானும் சந்தேகத்திலையோ?"

"நீயா இருந்தா என்கிட்ட கொண்டு வந்திருக்க மாட்ட. ஒண்ணு மட்டும் செய். இன்னைக்கும் வழக்கம்போல உங்க பகிடியைச் சொல்லு."

ஹோலில் மூவரும் வழக்கமான கதிரைகளில் இருந்தார்கள். பிறிஜெற் கட்லற் தட்டைக் கொண்டுவந்து வைத்தார். கூரைக்கு மேலே ஏதோ விமானம் உறுமிக்கொண்டு போனது. "சி-130," என்றார் வின்சன்ற். "அன்ரனோவ். காதைப் போய்க் காட்டுங்க வின்சன்ற் நானா," என்றாள் ரிஸ்னா. வின்சன்ற் தன் காது துறைமுகத்துக் கப்பல் ஊதுகளையே தாங்கின காது என்றார். அங்கிருந்து பேச்சு பாரை மீனின் விலைக்குத் தாவி, ரிஸ்னாவின் தம்பி கல்யாணத்துக்கு யார் யாருக்கு பிரியாணி என்பதில் போய் நின்றது. அனுஜனுக்கு ஒன்றும் உள்ளே இறங்கவில்லை. ஆனாலும் சொன்னபடி செய்தான்.

"அங்கிளுக்கு எங்கட ரிவர்ஸ் பிளேனைக் காட்டேல்லையே."

"சேர், அதை ஸ்டார்ட் பண்ணினா நேரா குசினிக்குள்ள பின்னால போயிடும்," என்றாள் ரிஸ்னா. தலையைத் திருப்பி அலுமாரியைப் பார்க்கவும் இல்லை.

வின்சன்ற் எழுந்தார். "அக்கா, தண்ணிப் போத்தல் முடிஞ்சுது. நான் நிரப்பிக்கொண்டு வாறன்," என்று குசினிப் பக்கம் நடந்தார்.

"இருங்க வின்சன்ற்," என்றார் சத்தியநாராயணன். "இந்தப் பகிடியை உண்டாக்கினதே நீங்கன்னு கேள்விப்பட்டேன். நீங்க ஏன் சொல்லல?"

வின்சன்ற் போத்தலோடு நின்றார். சத்தியநாராயணன் குரலை உயர்த்தாமல் தொடர்ந்தார்.

"இது புதுசாச் செய்த பிளேன். தேயிலைச் சாயம் பூசி வைச்சிருக்கு. காத்தாடியில பழைய பிழை இல்ல. டீச்சர் ஊர்ல இல்லாதப்ப சாவி உங்க மூணு பேர் கையில இருந்துச்சு. மூணு பேருக்கும் செதுக்கத் தெரியும். அப்ப யாருன்னு எப்படிப் பிரிக்கிறது? ரிஸ்னா இப்பவும் அந்தப் பிழையைச் சொல்லிச் சிரிக்கிறாங்க. பிழை போயிட்டுதுன்னு அவங்களுக்குத் தெரியாது. நேத்து என் வீட்டுல பாக்கிற வரைக்கும் அனுஜனுக்கும் தெரியாது. தெரிஞ்ச ஆளாலதான் அந்தப் பகிடியைச் சொல்ல முடியாது. சொன்னா எல்லாரும் அண்ணாந்து பாத்திடுவாங்களோன்னு பயம். பகிடிக்குப் பேர் வைச்ச மனுசனே வாயை மூடிட்டார்."

ரிஸ்னா அப்போதுதான் அலுமாரியைத் திரும்பிப் பார்த்தாள். பார்த்ததும் கையிலிருந்த கட்லற்றைத் தட்டில் வைத்துவிட்டாள்.

வின்சன்ற் நின்ற இடத்திலேயே கதைத்தார். "நான்தான் உடைச்சனான் அக்கா. தண்ணி ஊத்த வந்த நாள், லியனாட் இல்லாத வீடு என்னமோ மாதிரி இருந்தது. பிளேனை இறக்கிக் கையில பிடிச்சு, சின்னப் பிள்ளையள் மாதிரிப் பறக்கவிட்டு ஹோலுக்குள்ள நடந்தன். கதவு நிலையில அடிபட்டு இறக்கை முறிஞ்சுது, மூக்கும் சிதறிப்போச்சு. நீங்கள் மடுவால வாறதுக்குள்ள இதைச் செய்தன். காத்தாடியைப் பிழையாத்தான் செதுக்கோணும் எண்டு ரெண்டு தரம் தொடங்கினன். முடியேல்லை. லியனாட்டின்ர பிழையை ஒருக்காலாவது திருத்தி வைப்பம் எண்டு நினைச்சிட்டன்."

"லியனாட்டுக்கு அது பிழை எண்டு அடுத்த நாளே தெரியும்," என்றார் பிறிஜெற். "புதுசு செதுக்க மரமும் எடுத்து வைச்சவர். பிறகு நீங்கள் எல்லாரும் சிரிச்ச சிரிப்பைப் பாத்திட்டு, இதைத் திருத்தினா இவங்கள் எதுக்குச் சிரிப்பாங்கள் எண்டு விட்டிட்டார்."

வின்சன்ற் முகத்தைப் பொத்திக்கொண்டார்.

"உடைச்சதுக்கு எனக்குக் கோவமில்லை," என்றார் பிறிஜெற். "துண்டுகளைக் கொண்டு வந்து தந்திருந்தா, ரெண்டு பேருமா இருந்து அழுதிருப்பம். நான் மாறிச் சுத்துது எண்டு சொல்லேக்க நீ இதே கதிரையில இருந்தனி. வீடு விக்கப்போகுது எண்டு சொல்லேக்கையும் இருந்தனி. இரவில எழும்பி அடுப்பு அணைச்சனானோ எண்டு திரும்பத் திரும்பப் போய்ப் பாத்தன், வின்சன்ற். என்ர கையை நானே நம்பாமல் இருந்தன்."

"சொல்லுவம் சொல்லுவம் எண்டுதான் ஒவ்வொரு ஞாயிறும் வந்தனான். ஒவ்வொரு ஞாயிறும் அது பெருத்துக்கொண்டு போச்சு."

அனுஜனுக்குப் பொறுக்கவில்லை. வின்சன்ற்றை அண்ணன் போல வைத்திருந்தவன், இப்போது அவரைப் பார்க்கவே பிடிக்காமல் பொங்கினான். "இப்பவே யூஜினா அக்காவுக்கு போன் எடுத்து நடந்ததைச் சொல்லுங்கோ அண்ணை. இந்த இடத்தில வைச்சே சொல்லுங்கோ."

"அவன் வேண்டாம்," என்றார் பிறிஜெற். "நீ எடு."

"நானோ அன்ரி?"

"நீதானே முதல் எடுத்தனி. அவன் பயத்தில வாயை மூடினவன். உனக்கு ஒரு பயமும் இல்லை. காத்தாடியைப் பார் எண்டு சொன்னன். நீ போனைப் பாத்துக்கொண்டு, காத்து மாறி அடிக்குது எண்டனி. தலையை நிமித்தி ஒருக்காப் பாத்திருந்தா உனக்குத் தெரிஞ்சிருக்கும். இந்த மூண்டு பேரிலயும் நீதான் பாப்பாய் எண்டு நினைச்சுத்தான் உன்னட்டைச் சொன்னனான்."

அனுஜன் சத்தியநாராயணனைப் பார்த்தான். அவர் தம் தேத்தண்ணீர்க் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தார். வேறு வழியில்லாமல் எண்ணை அழுத்தினான்.

"யூஜினா அக்கா, அனுஜன் கதைக்கிறன். அம்மாவுக்கு ஒண்டும் இல்லை. பிளேன் மாறினது உண்மை. அவ சொன்னது சரி. நான்தான் பாக்காமல் உங்களுக்குப் பிழையாச் சொல்லிப்போட்டன்."

யூஜினாவின் குரல் ஹோலில் எல்லாருக்கும் கேட்டது. "அண்டைக்கு அம்மா தடுமாறுறா எண்டு நீங்கள் அடிச்சுச் சொன்னனீங்கள். நான் நித்திரை கொள்ளாமல் டிக்கெட் போட்டனான். இண்டைக்கு ஒண்டும் இல்லை எண்டு அதே மாதிரி அடிச்சுச் சொல்றீங்கள். நான் எதை நம்ப?"

சொன்னது எல்லாம் உண்மையாக இருந்தும் அனுஜனுடைய சொல்லுக்கு அங்கே மதிப்பில்லாமல் போயிருந்தது. பிறிஜெற் கையை நீட்டித் தொலைபேசியை வாங்கினார்.

"பிள்ளை, அவனை விடு. என்னோட கதை," என்று சொல்லிக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார்.

ஹோலில் நால்வரும் உட்கார்ந்திருந்தார்கள். மேலே மறுபடி ஒரு விமானம் போனது. அது என்ன விமானம் என்று ஒருவரும் சொல்லவில்லை. பிறிஜெற் திரும்பி வந்தபோது அவருடைய கண்கள் சிவந்திருந்தன, முதுகு நேராக இருந்தது.

"வீடு விக்கிறேல்லை. அவ வந்து என்னோட ஒரு மாசம் நிண்டு பாத்திட்டுப் போவாவாம்," என்றார். தொலைபேசியை அனுஜனின் கையில் வைத்தார். சத்தியநாராயணனுக்கு மட்டும் கைகூப்பினார்.

எல்லாரும் எழுந்தார்கள். வின்சன்ற் தலையைக் குனிந்தபடி முதலில் படியிறங்கினார். ரிஸ்னா, "டீச்சர், நாங்க பாக்கவே இல்ல," என்று தொடங்கி முடிக்க முடியாமல் போனாள். ஞாயிற்றுக்கிழமைகளில் பிறிஜெற் வாசல்வரை வந்து, அடுத்த கிழமை மீன் கட்லற்றா, மரக்கறிக் கட்லற்றா என்று கேட்பது வழக்கம். அனுஜன் செருப்பைப் போட்டுவிட்டு, வாரை இறுக்குவது போல அங்கேயே குனிந்து நின்றான்.

"அனுஜன்," என்றார் பிறிஜெற்.

"சொல்லுங்கோ அன்ரி."

"கேற்றைச் சாத்திப்போட்டுப் போ."