முன்னறை அடுப்பு

விடிந்ததும் சின்னவள் தன் அடுப்பைத் தேடினாள். பின்கட்டில் அது இருந்த இடத்தில் மூத்த ஓரகத்தியின் அடுப்பு உட்கார்ந்திருந்தது. சின்னவளுடையது முன்னறையில், வாசலைப் பார்த்தபடி, ஊருக்குக் கிளம்பிய விருந்தாளி மாதிரி நின்றது.

"வெளியே போன்னு வாயால சொல்லியிருக்கலாமே அக்கா... அடுப்பை நகர்த்தியா சொல்லணும்?"

பெரியவள் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள், அழுவதற்கு அது வசதி.

எல்லைப்பகுதி உதவித்தொகைக்காக அரசாங்கம் போட்ட கோடு இந்த வீட்டின் நடுவே போயிற்று. முன்னறை எல்லைப்பகுதி, பின்கட்டு சாதாரண நாடு. முன்னறையில் யார் அடுப்பு எரிகிறதோ அந்தக் குடும்பத்துக்குத்தான் உதவி. இதுவரை அது பெரியவளுக்கு. அதில் தையல் மெஷின் வந்தது, மெஷினால் ஆர்டர் வந்தது, ஆர்டரால் சின்னவளுக்கு வயிற்றெரிச்சல் வந்தது. மெஷின் ஓடும்போதெல்லாம் பின்கட்டில் பாத்திரங்கள் தானாக விழும்.

போன மாதம் எல்லைக் கதவை மூடிவிட்டார்கள். அங்கே மூட்டை தூக்கிய சின்னவளின் கணவன் இப்போது கூரையைப் பார்த்தபடி படுத்திருந்தான்.

"மகாராணிக்கு முன்னறை பத்தலை, பின்கட்டும் வேணும். எடுத்துக்கோ." ஆத்திரத்தில் அந்தக் கோடுகூட நினைவுக்கு வராமல் சின்னவள் முன்னறையிலேயே டீ போட்டாள்.

அது கொதிக்கும்போது வருடாந்திரச் சோதனைக்கு அதிகாரி வந்தார். அடுப்பு நிஜமாகவே எரிகிறதா என்று தொட்டுப் பார்ப்பது அவர் வழக்கம். தொட்டார். சுட்டது. திருப்தியுடன் விரலை ஊதிக்கொண்டே, "யார் அடுப்பு?" என்றார்.

"அவளோடது சார். இனிமே முன்னறை அவங்களுக்கு, பின்கட்டு எங்களுக்கு" என்றாள் பெரியவள்.

அதிகாரி போனதும் சின்னவள் பெரியவளைப் பிடித்து நிறுத்தினாள்.

"ஏன்க்கா முன்னாடியே சொல்லலை?"

"சொன்னா, உன் பிச்சை வேணாம்னு அடுப்பைத் தெருவுல வச்சிருப்ப. எனக்கு மெஷின் இருக்கு. உனக்கு என்னடி இருக்கு, என் மேல இருக்கற பொறாமையைத் தவிர?"

சின்னவள் டீயை வடிகட்டாமலே அழுதாள்.

உதவி வந்தது. முன்னறை டீக்கடையாயிற்று. கணவன் கூரையை மறந்து கிளாஸ் கழுவினான். கூட்டத்தின் பேச்சும் சிரிப்பும் பின்கட்டுவரை கேட்டன. ஒருநாள், ஆர்டர் எதுவும் வராத பெரியவள், நின்றிருந்த மெஷினையே பார்த்துக்கொண்டிருந்தாள். சமையல் மேடையிலிருந்து ஒரு டம்ளர் விழுந்தது.

முன்னறையில் பேச்சு நின்றது. சின்னவள் வந்து எட்டிப் பார்த்தாள்.

"என்னக்கா... தானா விழுந்துச்சா?"

"ஆமாண்டி" என்றாள் பெரியவள். அவள் கண் கலங்கியிருந்தது. அன்று வெங்காயம்கூட இல்லை.

"எனக்கும் அப்படித்தான் விழும்" என்றாள் சின்னவள்.

சின்னவள் டம்ளரை எடுத்துக் கழுவினாள், டீ ஊற்றி நீட்டினாள், பிறகு அக்காளைக் கட்டிக்கொண்டாள். டீ இருவர் மேலும் கொட்டியது. யாரும் விலகவில்லை.