அழித்தாலும் விடாது

வைத்தது வைத்தபடி இருக்க, புது டிஸ்க்கில் மட்டும் இடம் குறைந்துகொண்டே வந்தது.

வரைபடக்காரர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். ஊருக்கெல்லாம் வீட்டு வரைபடம் போட்டே தலை நரைத்தவர். அளவு பிசகினால் அவருக்குப் பொறுக்காது. காலையில்தான் கம்ப்யூட்டர் கடைக்காரர் வந்து, பழைய பெட்டியைத் திறந்து, புது டிஸ்க்கை மாட்டிவிட்டுப் போயிருந்தார். மாட்டும்போது ஒன்று கேட்டார்.

"ரெண்டு ஃபைல் சிஸ்டம் இருக்கு சார். ஒண்ணு சாதாரணம், அழிச்சா போயிடும். இன்னொண்ணு மணிக்கொரு தடவை எல்லாத்தையும் நகல் எடுத்து வெச்சுக்கும். நீங்க அழிச்சாலும் அது விடாது. எது போடட்டும்?"

"விடாததையே போடுங்க."

"இடத்தைத் தின்னுடும் சார்."

"தின்னட்டும். இந்த வீட்டுல வேற யாரு இருக்கா திங்கறதுக்கு?"

சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் கடைக்காரர் குனிந்து ஸ்க்ரூவைத் தேடினார்.

மனைவி போய் எட்டு மாதம். அவள் குரல் என்று மிஞ்சியது, கடைசி நாள் போனில் அனுப்பிய, இப்போது டிஸ்க்கில் ஏற்றிவைத்திருந்த பத்து விநாடிப் பேச்சு ஒன்றுதான். "பஸ் ஏறிட்டேங்க. வந்துடறேன். சாவி இருக்கு, நீங்க எழுந்திரிக்க வேணாம்." அந்த பஸ் வந்து சேரவில்லை. சாவிதான் வந்தது, ஆஸ்பத்திரிக் கவரில். குட்டி மணி கோத்த அந்தச் சாவியைக் கதவோரக் கொக்கியில் மாட்டிவைத்திருந்தார்.

வெளியே மழை பிடித்துக்கொண்டது. பகல் மூன்றரைக்கே அறை இருட்டி, பெட்டியின் சூட்டில் வெந்த தூசி வாசனை மூக்கில் ஏறியது. எது இடத்தைத் தின்கிறது என்று நகல்களை ஒவ்வொன்றாகத் திறந்தார். வரைபடங்கள் எல்லாம் அப்படியே இருந்தன. அவள் பேச்சு மட்டும் நகலுக்கு நகல் நீண்டிருந்தது.

ஒரு மணி நகலில், பேச்சு முடிந்த பிறகும் பஸ் இரைச்சல் தொடர்ந்தது. இரண்டு மணி நகலில் பஸ் நின்றது. மழைச் சத்தத்துக்கு நடுவே, இடது செருப்பைத் தேய்த்துத் தேய்த்து யாரோ நடந்தார்கள். அந்த நடையை அவருக்குத் தெரியாதா? மூன்று மணி நகலில் படி. இந்த வீட்டுப் படி. அவரே வரைந்து கட்டியது, மொத்தம் பதினேழு. விரல்விட்டு எண்ணினார். பதினைந்தில் நின்றது.

பேச்சை அழித்தார். இன்னொரு தடவை அவளைச் சாகக் கொடுத்தது போல் இருந்தது. அழித்த இடத்தில் அது மறுபடி வந்து நின்றது. மீண்டும் அழித்தார். மீண்டும் வந்தது.

மணி நான்கு. டிஸ்க் தானாகச் சுழன்றது.

ஸ்பீக்கர் வயரைப் பிடுங்கினார்.

பதினாறு.

சத்தம் பெட்டியிலிருந்து வரவில்லை.

பதினேழு.

வா, வா என்று எட்டு மாதம் வெறும் சுவரைப் பார்த்து அழைத்தவர்தான். இப்போது வராதே என்று சொல்ல நாக்கு எழவில்லை. கால்களும் எழவில்லை. மெல்லத் தலையைத் திருப்பிக் கதவோரக் கொக்கியைப் பார்த்தார்.

கொக்கி காலியாக இருந்தது.

கதவுக்கு வெளியே குட்டி மணி கிணுகிணுத்தது. பூட்டுக்குள் சாவி திரும்பியது. கதவடியிலிருந்து மழைத் தண்ணீர் ஒரு கோடாக உள்ளே ஓடி வந்து, அவர் பாதத்தைத் தொட்டது.

"நீங்க எழுந்திரிக்க வேணாம்."