யாரைக் கேட்டீங்க?

மழை சொல்லிக்கொண்டா வருகிறது? சந்தைத் திடலின் நடுவில் அவள் வந்துகொண்டிருந்தபோது சடசடவென்று பிடித்துக்கொண்டது. குடையை மருத்துவமனையிலேயே மறந்துவிட்டு வந்திருந்தாள். ஓடினாள்... கூரை என்று கண்ணில் பட்டது ஒன்றே ஒன்றுதான். புதிதாகக் கட்டிக்கொண்டிருந்த பொதுக் கழிப்பறை! பூச்சு காயாத சுவர்களுக்குள் ஒரே பாய்ச்சலில் நுழைந்தவள், உள்ளே நின்றிருந்தவன் மேல் போய் மோதினாள்.

“கண்ணு தெரியல?” என்றாள். மோதியது என்னவோ அவள்தான். ஆனால் முந்திக்கொண்டவர் பக்கம்தானே நியாயம்!

“தெரியுதே... நல்லாவே தெரியுது” என்றான் அவன். மழைத்துளி தொங்கிய அவள் இமைகளை ஒரு கணம் கூடுதலாகப் பார்த்துவிட்டு, திருடன் போலச் சட்டென்று தரையைப் பார்த்தான்.

‘பார்வையைப் பாரு...’ என்று மனதுக்குள் திட்டிக்கொண்டாள். திட்டினாளே தவிர, நெஞ்சு ஏனோ படபடத்தது. ஓடி வந்த களைப்பாகத்தான் இருக்க வேண்டும்... வேறென்ன!

சந்தைக்குப் பின்னாலிருந்த சின்ன மருத்துவமனையில் அவள் நர்ஸ். கையிலும் ஊசி, வாயிலும் ஊசி என்பதால் அந்தப் பேட்டை முழுக்க அவளுக்கு ‘ஊசி’ என்றே பெயர். முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பியபோதுதான் கவனித்தாள். பெண்கள் பக்கத்து வாசலுக்கு நேரெதிரே மதுக்கடை. அதன் கூரைக்கடியில் மழைக்கு ஒதுங்கிய ஆண்கள் அத்தனை பேரும் அவளையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவள் ஓர் அடி பின்வாங்கினாள். அப்போதும் தெரிந்தார்கள். சுவரோரம் ஒண்டினாள். அப்போதும்!

“இதைக் கட்டினவன் வீட்டுல பொம்பளைங்களே கிடையாதா?” என்று வெடித்தாள்.

“அம்மா இருக்காங்க. ரெண்டு அக்கா இருக்காங்க.”

“உங்க வீட்டுக் கதையை யாரு கேட்டா?”

“நீங்கதானே கேட்டீங்க... இதைக் கட்டுற இன்ஜினியர் நான்தான்.”

நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஆனால் பின்வாங்கும் சாதியா அவள்? “ரொம்ப நல்லதாப் போச்சு. உங்களைத்தான் தேடிட்டிருந்தேன். சந்தையில வேலை செய்யற பொம்பளைங்க பகல் முழுக்கத் தண்ணியே குடிக்கிறதில்ல, தெரியுமா? குடிச்சா ஒதுங்க இடம் இல்ல. அப்புறம் நீர்க்கடுப்பு, காய்ச்சல்னு என்கிட்ட வந்து படுக்கறாங்க. இத்தனை பேர் பார்க்க இந்த வாசல்ல யாரு நுழைவா? உள்ளே ஒரு குழாய் இல்ல. மாசா மாசம் வர்றதுக்குத் துணியை எங்கே அலசுவா, எங்கே போடுவா? முழங்கால் தேஞ்ச கிழவி இவ்ளோ உசரப் படி ஏறுவாளா?”

அவன் முகம் சிவந்தது. “சும்மா கட்டலைங்க. பொம்பளைங்களைக் கேட்டுத்தான் கட்டறோம்.”

“யாரைக் கேட்டீங்க?”

“கழிப்பறைக் குழுத் தலைவரை. எல்லாப் பொம்பளைங்களும் சரின்னுட்டாங்கன்னு அவர்தான் சொன்னார்.”

“எந்தத் தலைவர்?”

“மரக்கடைக்காரர்...”

மழைச் சத்தம் திடீரென்று தூரத்தில் கேட்பது போலிருந்தது அவளுக்கு. கொட்டுகிற மழையில் இறங்கி நடந்தாள். “நனையறீங்க... நில்லுங்க!” என்ற குரல் முதுகில் வந்து விழுந்தது. அவள் நிற்கவில்லை.

மரக்கடைக்காரர் அவளுடைய அண்ணன்.

அப்பாவும் அம்மாவும் போன பிறகு தூக்கி வளர்த்தவர். மரத்தூள் தின்று அவளை நர்ஸ் படிப்பு படிக்க வைத்தவர். வீட்டில் இப்போதும் அவள் சாப்பிட்டாளா என்று கேட்காமல் அவர் கை கழுவமாட்டார். அப்படிப்பட்டவரிடம் எப்படிக் கேட்பது? ஆனாலும் கேட்டாள்.

“அண்ணே, கழிப்பறை விஷயமா நம்ம பொம்பளைங்ககிட்டப் பேசினீங்களா?”

அவர் தட்டைப் பார்த்தபடியே சொன்னார். “பேசலாம்னுதான் போனேன் பாப்பா... எப்படிக் கேக்கறது? எனக்கும் கூச்சம், அவங்களுக்கும் கூச்சம். நமக்குத் தெரியாததா என்னன்னு நானே சரின்னு சொல்லிட்டேன்.”

அண்ணி குழம்புச் சட்டியைத் துழாவிக்கொண்டிருந்தாள். அவளும் அந்தக் குழுவில் ஓர் உறுப்பினர்தான். கூட்டத்தில் அவளுக்கு இருந்த ஒரே வேலை எல்லாருக்கும் டீ கொடுப்பது. சந்தையில் காய்கறிக் கடை வைத்திருக்கும் அண்ணிக்கு அடிக்கடி காய்ச்சல் வந்தது. ஏன் வந்தது என்று ஊசி போட்டவளுக்குத் தெரியும். தாலி கட்டியவருக்குத் தெரியாது. ‘சொல்லிடாதே’ என்று அண்ணியின் கண்கள் இப்போதும் கெஞ்சின.

மறுநாள் மதியம் அவன் மருத்துவமனை வாசலில் வந்து நின்றான். சட்டையெல்லாம் சிமெண்ட்.

“சண்டை போட வந்தீங்களா?”

“கத்துக்க வந்தேன்” என்றான். “நேத்து நீங்க போனதும் அந்த வாசல்ல நானே நின்னு பார்த்தேன். ஆம்பளை எனக்கே கூசிப்போச்சு.”

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வேப்ப மரத்தடிப் பெஞ்சில் உட்கார்ந்து, ஈர மண்ணில் குச்சியால் அவன் சுவர்களை வரைந்தான். அவள் வாசலை அழித்துப் பின்பக்கம் போட்டாள். அவன் படியை அழித்துச் சரிவுப் பாதை போட்டான். வரைந்த கைகள் ஓரிடத்தில் தொட்டுக்கொண்டன... இருவரும் ஒரே நேரத்தில் குச்சியை விட்டார்கள்!

அதற்கப்புறம் அவன் தினமும் வந்தான். தண்ணீர்க் குழாயடியில் குடத்தோடு நிற்கும் பெண்களிடம் அவள் பேசுவாள். அவன் தள்ளி நின்று காது கொடுப்பான். முதலில் சிரித்து மழுப்பியவர்கள் மெல்ல மெல்லப் பேச ஆரம்பித்தார்கள்.

“தாழ்ப்பாள் உள்பக்கம் வைப்பீங்களா தம்பி?” என்று ஒருத்தி கேட்டாள்.

“வேற எந்தப் பக்கம்க்கா வைக்கறது?”

“முன்னால இடிச்சுப் போட்ட பழைய கழிப்பறையில வெளியில வெச்சிருந்தாங்க தம்பி. குடிகாரப் பய ஒருத்தன் என்னை உள்ளே வெச்சுப் பூட்டிட்டுப் போயிட்டான்.”

எல்லோரும் சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை. அவன் கண்கள் கலங்கியதை ஊசி ஓரக்கண்ணால் பார்த்துவிட்டாள். ‘ஐயோ... இவன் நல்லவன்’ என்று நினைத்த அந்த நிமிஷமே தன் கதை முடிந்தது என்பதும் அவளுக்குப் புரிந்துவிட்டது.

ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? மழையில் அவர்கள் ஒன்றாக நின்றது மதுக்கடையிலிருந்து புறப்பட்டு, கண்ணும் காதும் முளைத்து மரக்கடைக்கு வந்து சேர்ந்தது.

“வாசலை மாத்தறாளாம்... எதுக்குன்னு நமக்குத் தெரியாதா? இன்ஜினியரைப் பார்க்க ஒரு சாக்கு வேணாமா!”

அண்ணன் அன்று கத்தவில்லை. கத்தியிருந்தால் தாங்கியிருப்பாள்.

“நாளைக்கு இன்ஜினியரோட மேலதிகாரி வர்றார். கதவு வைக்கறதுக்கு முன்னால கடைசியாப் பார்க்க. நீ அங்கே வாயைத் திறந்தா நான் பொய் சொன்னவன்னு ஆயிடும். உன் பேரும் நாறிடும். உன்னை வளர்த்தவன் தலை குனியணுமா பாப்பா? நீயே சொல்லு.”

மறுநாள் காலை முதல் வேலையாக அவனைத் தேடிப் போனாள். அவன் முகம் பேயறைந்தது போலிருந்தது. விஷயம் அவனுக்கும் எட்டியிருந்தது.

“விட்டுடலாம்ங்க” என்றான். “பழையபடியே கட்டிடறேன். என்னால உங்க பேரு கெடக்கூடாது.”

“என்ன சொன்னீங்க?”

“உங்க நல்லதுக்குத்தான்...”

“என் நல்லதை முடிவு பண்ண நீங்க யாரு?” அவள் குரல் நடுங்கியது. “அண்ணனும் அதையேதான் சொல்றார், நீங்களும் அதையேதான் சொல்றீங்க. என் பேரைக் காப்பாத்த எங்க அண்ணி பகல் முழுக்கத் தண்ணி குடிக்காமக் கிடக்கணுமா? அப்படி ஒரு பேரு எனக்கு வேணாம்... நீங்களும் வேணாம்!”

கடைசி வார்த்தை எப்படி வாயில் வந்தது? அவன் எப்போது அவளுக்கு வேண்டுமென்று இருந்தான்? அவன் நிமிர்ந்து பார்த்தான். அவள் விறுவிறுவென்று போய்விட்டாள்.

மேலதிகாரி வந்தார். திடலில் ஆண்கள் முன்னால், பெண்கள் பின்னால். அண்ணன் வெள்ளைச் சட்டையில் விறைப்பாக நின்றார்.

“எல்லாருக்கும் சம்மதம்தானே?” என்று கேட்டுவிட்டு மேலதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். “அப்போ கதவை வெச்சிடலாம்.”

குழாயடியில் வாய் ஓயாமல் பேசிய பெண்கள் இப்போது ஊமையாகி மண்ணைப் பார்த்தார்கள். ஊசிக்கு நெஞ்சு காதுக்குள் அடித்தது. அண்ணனின் கண்கள் அவள் மேலேயே இருந்தன. ‘பேசு... பேசேன்...’ உதடு பிரிய மறுத்தது.

“இல்லைங்க சார்.”

பேசியவன் இன்ஜினியர்.

“தப்பு என்மேல. யார் பயன்படுத்தப் போறாங்களோ அவங்களை நான் கேக்கவே இல்லை. இன்னொருத்தர் சொன்னதை வாங்கிட்டு வேலையை ஆரம்பிச்சிட்டேன். பெண்கள் வாசலைப் பின்பக்கம் மாத்தணும். படி போயிட்டு சரிவு வரணும். உள்ளே குழாய் வேணும்.”

மேலதிகாரியின் முகம் கறுத்தது. “வேலை பாதி முடிஞ்சப்புறமா? இந்தத் தாமதத்துக்கு யாருய்யா பதில் சொல்றது?”

“நான் சொல்றேன் சார்.”

“நீ சொன்னாப் போதுமா? அவங்களே சும்மா நிக்கறாங்க. எந்தப் பொம்பளை வந்து உன்கிட்ட அழுதா?”

மதுக்கடைப் பக்கமிருந்து ஒரு கெக்கலிப்பு கேட்டது. ஊசி ஓர் அடி முன்னால் வைத்தாள். அதற்குள் அவளை விலக்கிக்கொண்டு ஓர் உருவம் முன்னால் போனது. அண்ணி!

முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, யார் முகத்தையும் பார்க்காமல் அவள் பேசினாள்.

“நான் கடைக்குப் போனா இருட்டற வரைக்கும் தண்ணி குடிக்கறதில்லைங்க. அடக்கிக்கிட்டு உட்கார்ந்திருப்பேன். அதனாலதான் காய்ச்சல் வருதுன்னு எங்க வீட்டு நர்ஸம்மா சொல்லுச்சு. எங்க வீட்டுக்காரருக்குத் தெரியாது. தெரிஞ்சா வருத்தப்படுவார்னு சொல்லல... வெக்கமாவும் இருந்துச்சு. அந்த வாசல் இப்படியே இருந்தா நான் போகமாட்டேன். இங்கே நிக்கற எவளும் போகமாட்டா.”

“ஆமா” என்றது பின்னாலிருந்து ஒரு குரல். “ஆமாங்க...” இன்னொன்று. அப்புறம் எத்தனை குரல் என்று யாருக்கும் தெரியவில்லை. குழாயடி மொத்தமும் திடலுக்கு வந்துவிட்டது!

அண்ணன் மனைவியையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய விறைப்பெல்லாம் எங்கே போயிற்றோ!

“நான் கேக்கலைங்க” என்றார் மேலதிகாரியிடம். குரல் உடைந்திருந்தது. “எல்லாரும் சரின்னாங்கன்னு நான் சொன்னது பொய். வீட்டுக்குள்ளயே கேக்காதவன்... ஊரையா கேட்டிருப்பேன்?”

மேலதிகாரி இன்ஜினியர் பக்கம் திரும்பி, “மாத்திக் கட்டு” என்று உறுமினார். “முடிச்சிட்டு நீ வேற ஊர் வேலைக்குப் போயிடு. இந்தப் பக்கமே உன்னை நான் பார்க்கக்கூடாது.”

வாசல் மாறியது. சரிவு வந்தது. ஆனால் அந்த நாட்களில் அவன் ஒரு முறைகூட மருத்துவமனைப் பக்கம் வரவில்லை. ‘வேணாம்னு சொன்னது நீதானே... இப்போ ஏன் வாசலையே பார்க்கறே?’ என்று தன்னையே குத்திக்கொண்டாள் ஊசி. போய்க் கூப்பிடலாம் என்றால் ரோஷம் விட்டால்தானே!

அவன் ஊரை விட்டுப் புறப்படும் நாளும் வந்தது. நோயாளிகள் வரிசை நீண்டு கிடந்தது. “அடுத்து வாங்க” என்று தலை நிமிராமல் கூப்பிட்டாள்.

முன்னால் வந்து உட்கார்ந்தவன் அவன்.

கையிலிருந்த பஞ்சு கீழே விழுந்தது. “என்ன... என்ன உடம்புக்கு?”

“ஒண்ணுமில்ல. ஒண்ணு கேக்கணும்.” அவனுக்கு வேர்த்திருந்தது. “உங்க அண்ணன்கிட்டக் கேக்கலாம்னு காலையில மரக்கடைக்குப் புறப்பட்டேன். பாதி வழியில திரும்பிட்டேன்.”

“ஏன்... பயமா?”

“இல்ல. மறுபடியும் அதே தப்பைப் பண்ணப் பார்த்தேனே... உங்களை விட்டுட்டு வேற யார்கிட்டயோ போய்க் கேக்கறது.”

அவள் இமைகள் தாழ்ந்தன. வரிசையில் இருந்த இருமல்கூட நின்றுபோனது. ஊரே காதைத் தீட்டிக்கொண்டிருக்கிறது என்று தெரிந்தது... தெரிந்தால் என்ன!

“அப்போ என்கிட்டக் கேளுங்க” என்றாள் மெல்ல.

“எனக்கு உங்களை ரொம்பப் பிடிச்சிருக்கு. என்னைக் கட்டிக்க உங்களுக்குச் சம்மதமா? இல்லைன்னாலும் சொல்லிடுங்க. கேட்டுக்கிறேன்.”

எதிராளியைக் குத்த ஆயிரம் வார்த்தை வைத்திருந்தவளுக்கு இப்போது ஒன்றும் அகப்படவில்லை. கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. புறங்கையால் துடைத்தாள்.

“நீங்க அண்ணன்கிட்டப் போகவேண்டாம்” என்றாள்.

அவன் முகம் விழுந்துவிட்டது. மெதுவாக எழுந்தான்.

“உட்காருங்க... முழுசாக் கேளுங்க” என்றாள். “அண்ணன்கிட்ட நானே சொல்றேன்... எனக்கு இவரைப் பிடிச்சிருக்கு, இவரைத்தான் கட்டிக்கப் போறேன்னு.”

அவன் அப்படியே உட்கார்ந்துவிட்டான். “இவ்ளோ மெதுவாவா சொல்லுவீங்க?”

“இல்ல” என்றாள் அவள், அவன் கண்களை முதன்முறையாக நேருக்கு நேர் பார்த்து. “நல்லா சத்தமா.”