மோதிரம் மட்டும்தான்

வெற்றிவேல் அந்த வீட்டைத் தேடிச் சாரம் பகுதி முழுக்க வண்டியில் சுற்றிவிட்டான். கடைசியில் இட்லிக் கடைக்காரம்மா கை நீட்டிக் காட்டினார். நீலக் கதவு, பக்கத்தில் 'ஜாக்கெட் தைத்துத் தரப்படும்' என்ற பலகை. வண்டியை நிறுத்திவிட்டு, சட்டைப் பையில் மோதிரம் இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டான். இருந்தது. சில்லென்று இருந்தது.

அவன் ஏசி மெக்கானிக். ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் மெட்டல் டிடெக்டரைத் தோளில் மாட்டிக்கொண்டு கடற்கரைக்குப் போய்விடுவான். மணலுக்கடியில் உலோகம் இருந்தால் காதில் மாட்டிய ஹெட்போனில் கீங் கீங் என்று கத்தும். தோண்டினால் பெரும்பாலும் பீர் பாட்டில் மூடி. நம் ஊர்க் கடற்கரையில் அதற்கா பஞ்சம்!

போன வாரம் வீராம்பட்டினத்தில், அலை அரித்துப்போட்ட கரையில், தங்க மோதிரம் ஒன்று கிடைத்தது. உட்பக்கம் பொடி எழுத்தில் 'கார்குழலி' என்று வெட்டியிருந்தது. அதைப் படமெடுத்துப் போனில் எல்லோருக்கும் அனுப்பினான். இரண்டே நாளில் ஆள் தெரிந்துவிட்டது. சேதராப்பட்டுக் கம்பெனியில் வேலை பார்த்த முகிலனின் கல்யாண மோதிரம். இரண்டு வருஷத்துக்கு முன் ஆடித் தேர் பார்க்கப் போனவன், குளிக்கலாமென்று கடலில் இறங்கினான். அலை இழுத்துக்கொண்டது. உடம்பு கரை ஒதுங்கவே இல்லை.

முகிலனின் மனைவி கார்குழலி தையல் மெஷினை நிறுத்திவிட்டு இரண்டு கையாலும் மோதிரத்தை வாங்கினாள். அழவில்லை.

"மோதிரம் மட்டும்தாங்க இருந்துச்சா?"

"ஆமாங்க. மோதிரம் மட்டும்தான்."

பொய்.

மணலிலிருந்து எடுத்தபோது மோதிரத்துக்குள் எலும்பு இருந்தது. சின்னது, சுண்ணாம்பு நிறம். விரல் எலும்பென்று பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிட்டது. போலீஸ் ஸ்டேஷன், விசாரணை, நாளைக்கு வா, நாளன்னிக்கு வா... எல்லாம் ஒரு நொடியில் கண்முன் வந்துபோயின. மோதிரத்தைத் தட்டி எலும்பை மணலில் உதிர்த்துவிட்டு, காலால் மூடினான். அவ்வளவுதான். பூச்சியைத் தட்டிவிடுகிற நேரம்கூட ஆகவில்லை.

உள்ளேயிருந்து அவளுடைய அண்ணன் கலியமூர்த்தி வந்தார். உடம்பு கிடைக்காதவருக்கு வைக்கோலில் பொம்மை செய்து, அதைக் கொளுத்திக் காரியம் பண்ணுவது அவர்கள் வழக்கம். இரண்டு வருஷமாகக் கெஞ்சி, இப்போதுதான் தங்கையைச் சம்மதிக்க வைத்திருந்தாராம். வருகிற வெள்ளிக்கிழமை காரியம்.

"வேணாம்ண்ணே," என்றாள் கார்குழலி. "மோதிரம் தனியா கெடக்குதுன்னா கழண்டு விழுந்துருக்கு. ஆளு எங்கியோ கர ஏறியிருக்காரு."

கலியமூர்த்தி வெற்றிவேலின் முகத்தைப் பார்த்தார். நீயாவது ஏதாவது சொல்லேன் என்கிற பார்வை. வெற்றிவேல் தரையில் கிடந்த வெட்டுத்துணிகளைப் பார்த்துக்கொண்டு நின்றான். காப்பி கொடுத்தாள். அதையும் குடித்துவிட்டு வந்தான், பாவி.

வெள்ளிக்கிழமை வந்தது. யாரும் எதையும் கொளுத்தவில்லை.

மறுநாள் காலை முத்தியால்பேட்டையில் வெற்றிவேலின் வீட்டுக் கூடத்தில் ஈரக் கால் தடங்கள். அவன் மனைவி ஹேமலதா துடைத்தாள். திரும்பி வருவதற்குள் மறுபடியும் இருந்தன. கடல்லேர்ந்து எதைக் கொண்டாந்து வச்சிருக்கீங்க, கவுச்சி தாங்கலை என்று புருஷனைத் திட்டினாள். அவனுக்கும் அந்த நாற்றம் அடித்தது. அழுகிய பாசியும் ஈரத் துணியும் கலந்த நாற்றம், சோற்றில்கூட.

அணைத்து வைத்திருந்த டிடெக்டரின் ஹெட்போனுக்குள், மெதுவாக, யாரோ மணலைத் தோண்டுகிற சத்தம் கேட்டது.

அந்த எலும்பைத் தேடி அவன் வீராம்பட்டினத்துக்கு ஓடினான். அதே இடத்தில் டிடெக்டர் கோலை வீசி வீசி நடந்தான். பிறகுதான் உறைத்தது. பொன்னுக்குக் கத்துகிற கருவி எலும்புக்குக் கத்துமா? அதைக் கீழே போட்டுவிட்டு, சாயங்காலம் வரை கையால் மணலைக் கிளறினான். கிளிஞ்சல்தான் கிடைத்தது. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். அவனுக்கு நெஞ்சையே யாரோ பிசைவதுபோல் இருந்தது. சொல்லிவிடுவது என்று முடிவு செய்தான்.

விளக்கு வைக்கிற நேரத்தில் நீலக் கதவைத் தட்டினான்.

கார்குழலி தலை நிறையக் கதம்பம் வைத்திருந்தாள். முகம் பூரித்திருந்தது. கூடத்தில் சோறு வைத்த இரண்டு தட்டு. தரையெல்லாம் ஈரம். உள்ளறைக் கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே இருட்டில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

சொட்டு. சொட்டு.

"அவரு வந்துட்டாரு," என்று கிசுகிசுத்தாள். "வெள்ளிக்கிழமயே வந்துட்டாரு. பேசத்தான் மாட்டேங்கிறாரு. மோதிரத்தப் போட்டு உடலாம்னா கையக் காட்ட மாட்டேங்கிறாரு. கைலிக்குள்ள ஒளிச்சி வச்சிக்கிறாரு."

வெற்றிவேலுக்கு ஓடிவிடலாமா என்று கால் துடித்தது. ஆனால் அவள் வைத்திருந்த பூவைப் பார்க்கப் பார்க்க அவனால் நகர முடியவில்லை.

"நான் பொய் சொல்லிட்டேம்மா. மோதிரத்துக்குள்ள விரல் எலும்பு இருந்துச்சி. பயந்துகினு மண்ணுலயே போட்டுட்டேன். அவரு அன்னிக்கே செத்துட்டாரும்மா."

சொட்டுகிற சத்தம் நின்றது.

யாரோ மூச்சை அடக்கிக்கொண்டு கேட்பதுபோல் வீடே அமைதியாகிவிட்டது.

"ஏன் சத்தமா சொன்னீங்க?" என்றாள் கார்குழலி. "அது அவருக்குத் தெரியாதுங்க."

உள்ளறைக் கதவு திறந்தது. யாரும் வரவில்லை. ஈரத் தடங்கள் மட்டும் ஒவ்வொன்றாகத் தரையில் விழுந்தன. தட்டுகளைத் தாண்டின. வெற்றிவேலின் அருகில் வந்து நின்றன. அவன் மோதிர விரலைச் சில்லென்று ஏதோ தடவிப் பார்த்தது, தன்னுடையதுதானா என்று பார்ப்பதுபோல். பிறகு விட்டது. தடங்கள் வாசலைக் கடந்து தெருவில் இறங்கி, கடல் இருக்கும் திசைக்குப் போயின.

அப்போதுதான் கார்குழலி அழுதாள். இரண்டு வருஷத்து அழுகை. அவன் காலில் விழப்போனான். அவள் விலகிக்கொண்டாள்.

"அந்த எலும்பக் கொண்டாங்க," என்றாள். "அதக் கொளுத்துனாதான் எனக்கு அவரு செத்தவரு. அது வரைக்கும் பூவும் எடுக்க மாட்டேன், சோறு வக்கிறதயும் நிறுத்த மாட்டேன்."

டிடெக்டரை அவன் அதற்குப் பிறகு தொடவில்லை. தினமும் விடியலில் வீராம்பட்டினத்தில் மண்டி போட்டுக் கையால் மணலைச் சலிக்கிறான். வலை இழுப்பவர்கள் என்ன தேடுகிறாய் என்று கேட்டால், தொலைத்துவிட்டேன் என்பதோடு சரி.

இடுப்பு வலித்து நிமிரும்போதெல்லாம் அவன் பக்கவாட்டில் பார்க்காமல் இருக்க முயல்கிறான். முடிவதில்லை. அவன் தோண்டிய குழிகளுக்குப் பக்கத்திலேயே, யாரும் தோண்டாத இன்னொரு வரிசைக் குழிகள் இருக்கும். ஒவ்வொன்றிலும் விரல்கள் பறண்டிய கோடுகள். மோதிர விரல் பட்டிருக்க வேண்டிய இடத்தில் மட்டும் மணல் கலையாமல் இருக்கும்.