காயாத தரை

கத்திரி வெயிலில் காஞ்சிபுரத்தில் ஒரு தரை காயவில்லை என்று சொன்னால் ஊரே சிரிக்கும். அதனால் சத்யப்ரியா முதலில் யாரிடமும் சொல்லவில்லை. கணவன் சிவபாலன் பெட்டியோடு ஆட்டோவில் ஏறிய அன்று, தெருப் புழுதி தாங்காமல் அவள் வாளி வாளியாய்த் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்ட சிமெண்டுத் தரை அது. வெளியே தார் ரோடு இளகிக்கொண்டிருக்க, பக்கத்து வீடுகளில் தறிச் சத்தம்கூட உச்சிவேளைக்கு ஓய்ந்து கிடக்க, உள்ளே அந்தத் தரை மட்டும் இப்போதுதான் கழுவியதுபோலப் பளபளத்துக்கொண்டே இருந்தது.

சிவபாலன் போனது கிழக்கே எங்கோ ஒரு தீவு மாகாணத்துக்கு, செல்போன் டவர் ஏற்றும் வேலைக்கு. அதே வேலையில் வலது கால் சுண்டுவிரலைப் பறிகொடுத்தும் திருந்தாதவன். தினமும் மதியம் கூப்பிடுவான். ஆசையாய் இரண்டு வார்த்தை பேசத் தெரியாத மனுஷன், வானிலைதான் பேசுவான்.

"இங்க கோடைன்னே ஒண்ணு கெடயாது சத்யா. காலைல வெயிலு, சோறு துன்றதுக்குள்ள மழ. காத்து தெச மாறிச்சின்னா அதுக்கு வேற மழ. தோச்ச சட்ட காயாமயே பூசணம் புடிக்குது."

அவன் சொல்லும்போதே பின்னால் தகரக் கூரையில் மழை கொட்டும் சத்தம் கேட்கும். போனை ஸ்பீக்கரில் போட்டு, அந்த மழையைக் கேட்டுக்கொண்டே தட்டைக் காலி செய்வாள். பிள்ளையில்லாத வீட்டில் அதுவே பெரிய துணையாக இருந்தது.

புயல் வருதாம், படகில் பக்கத்துத் தீவுக்குப் போகச் சொல்கிறார்கள் என்றவன், அப்புறம் கூப்பிடவே இல்லை.

எதிர்வீட்டு கங்கையம்மாள் ஒருநாள் வாசலில் நின்று எட்டிப் பார்த்தாள். "இன்னாமா, எப்பப் பாரு தொடச்சிக்கினே இருக்கிற?"

"அவரு ஊருக்குப் போனப்ப கழுவுனது. காயவே மாட்டேங்குதுக்கா."

கங்கையம்மாளின் முகம் மாறிவிட்டது. "ஆளு கெளம்புன கையோடவா கழுவுன? போய்ச் சேந்துட்டேன்னு சேதி வர்றதுக்கு மின்ன யாராவது வீட்ட கழுவுவாங்களாமா? பொணம் எடுத்த வீட்டத்தான..." பாதியில் நிறுத்தி, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு போய்விட்டாள்.

அன்றிலிருந்து சத்யப்ரியாவுக்குப் பைத்தியம் பிடித்தது என்றே சொல்ல வேண்டும். தரை காய்ந்தால் அவன் வந்துவிடுவான். யாரும் சொல்லவில்லை, அவளே முடிவு கட்டிக்கொண்டாள். ஃபேனை முழு வேகத்தில் வைத்தாள். அவனுடைய பழைய லுங்கிகளைக் கிழித்து, முட்டி போட்டு, மூலை மூலையாகத் துடைத்தாள். பிழிந்த தண்ணீர் உதட்டில் பட்டபோது உப்புக் கரித்தது. சமையலறையில் உப்பு ஜாடிக்குள் தண்ணீர் நின்றது, டப்பாவில் அப்பளம் நமத்தது, தீக்குச்சி பற்றவில்லை, கொடியில் தொங்கிய அவன் சட்டைக் காலரில் பச்சையாய்ப் பூசணம் பூத்திருந்தது. சுவர்கள் வியர்த்தன. வாசலுக்கு அந்தப் பக்கம் ஒரு நாய் நிழல் தேடி நாக்கைத் தொங்கப் போட்டு ஓடியது. இந்தப் பக்கம் அடைமழைக் காலத்து வாடை. அவளுக்குப் பயமாக இருந்தது, ஆனாலும் துடைத்தாள்.

ஒரு மதியம், அவன் வழக்கமாகக் கூப்பிடும் நேரத்துக்கு, போன் அடித்தது.

"அண்ணி, நான் ஏனாத்தூர் ஜான்சன். அண்ணன்கூட வேல செய்யறவன்." குரல் உடைந்திருந்தது. "படகு கவுந்துடுச்சி அண்ணி. இத்தினி நாளா தேடிக்கினு இருந்தோம். இன்னிக்கிதான் கரையில..."

"அங்க மழ பெய்யுதா?" என்று கேட்டாள்.

"நின்னுடுச்சி அண்ணி. நல்ல வெயிலு. அண்ணன மணல்ல கெடத்தியிருக்காங்க. துணியெல்லாம் காஞ்சிக்கினு இருக்குது."

போன் கையிலிருந்து நழுவியது. அவள் வாசல் நிலைப்படிக்கு உள்ளே தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தரை காய்ந்தது.

ஓரிடத்தில் மட்டும். ஈரம் சுருங்கி விலக, வெளிறிய சிமெண்டு. குதிகால். உள்ளங்கால். விரல்கள்.

வலது கால். சுண்டுவிரல் இல்லை.

பிறகு இடது கால்.

"என்னங்க?" என்றாள். பின்வாங்கினாள். ஈரச் சுவர் முதுகில் ஒட்டியது.

வலது.

இடது.

அவசரமில்லாத நடை. வேலை முடிந்து வீடு திரும்பும் நடை. அவள் கால்விரல்களைத் தொட்டுக்கொண்டு இரண்டும் நின்றன. உப்பு வாடை. சேற்று வாடை. மூச்சு மட்டும் இல்லை.

இதைத்தான் வேண்டிக்கொண்டாள். வந்துவிட்டான்.

அவள் காதுகளுக்கு இரண்டு பக்கமும், வியர்த்த சுவரில், விரல்களை விரித்தபடி, மெல்ல மெல்ல இரண்டு உள்ளங்கைகள் காய்ந்தன.