அடுப்படிச் சுவர்

சுவர் இடிந்த புழுதி அடங்கியபோது, ஓட்டைக்கு அந்தப் பக்கம் இரண்டு கண்கள் தெரிந்தன. கறுகறுவென்று, கோபமாக... ஆனாலும் அழகான கண்கள்தான் என்றது லட்சுமிப்ரியாவின் பொல்லாத மனசு.

"யாரு வீட்டுச் சுவத்த யாரு இடிக்கது?"

"ஹாலையும் அடுப்படியையும் ஒண்ணாக்குதோம். நான்தான் இன்டீரியர் டிசைனர். நீங்க யாரு?"

"சுவத்துக்குச் சொந்தக்காரன்."

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. சங்கரன்கோவிலில் கிடைத்த முதல் வேலை. ராஜபாளையம் ரோட்டில் ஒரே அச்சாக நின்ற இரண்டு புது வீடுகளில், மழைக்கு ஓடிவந்து தப்பான வீட்டில் புகுந்து, சாக்பீஸால் கோடும் போட்டுக் கொடுத்துவிட்டாள். கொத்தனார் பாண்டிராஜ் சம்மட்டியை நைசாகக் கீழே வைத்தார்.

"நாளைக்கு அம்மா வாராவ. அடுப்படி ஹாலுக்குத் தெரிஞ்சா அவுகளுக்கு ஆகாது. அதுக்குள்ள கட்டிருங்க," என்றான் விஜய்சங்கர்.

"கட்டித் தாரேன். ஆனா பாருங்க... இப்பத்தான் ஹாலுக்கு வெளிச்சம் வருது."

இந்த நேரத்திலும் வாய் குறையவில்லையே என்று அவனுக்குச் சிரிப்பு வந்தது.

மறுநாளும் மழை. செங்கல் ஏற ஏற, அவன் காப்பி வாங்கி வந்தான், வடை வாங்கி வந்தான், பிறகு சும்மாவே வந்தான். சுவர் முடிந்துவிட்டால் பக்கத்து வீட்டுக்குப் போய்விட வேண்டும், நடுவில் காம்பவுண்டு... நினைக்கவே அவளுக்கு வலித்தது. மெதுவாகக் கட்டுங்கள் என்று கொத்தனாரிடம் வாய்விட்டுக் கேட்கவா முடியும்?

சுவர் இடுப்பளவு வந்தபோது அவன் அம்மா காந்திமதியம்மாள் வந்தாள்.

"அம்மா, நீங்க காப்பி எங்கன உக்காந்து குடிப்பிய?" எந்த வீட்டை வரைவதற்கு முன்னும் லட்சுமிப்ரியா கேட்கிற முதல் கேள்வி அது.

"அடுப்படியிலதான்."

"பேச்சுத் துணைக்கு?"

அம்மாளுக்கு இத்தனை வருஷமாகக் குக்கர் விசில்தான் துணை. அரைச் சுவருக்கு மேலே மகனின் முகம் தெரிந்தது. அம்மாள் கொஞ்ச நேரம் அதையே பார்த்தாள்.

"இம்புட்டோட நிறுத்தும், கொத்தனாரே. விருந்தாளு வந்தா ஒரு திரை போட்டுக்கிடலாம்."

லட்சுமிப்ரியா துள்ளாத குறையாக டேப்பை எடுத்தாள். "அடுப்பு மேடைய சமைக்கவங்க முழங்கைக்குத் தக்கன வைக்கணும். கைய மடக்குங்கம்மா."

"எனக்கெதுக்கு? வரப்போற மருமகளுக்கு வை, மக்கா."

விஜய்சங்கர் டேப்பை மெல்ல வாங்கினான். அவன் காது சிவந்திருந்தது.

"அப்பம்... நீங்க மடக்குங்க."

ஜன்னலுக்கு வெளியே மழை. அவள் இதைக் கேட்கத்தான் நேற்றிலிருந்து காத்திருந்தாள் போலும்.

"நான் மட்டும் சமைக்கவா?" தரையைப் பார்த்தபடியே கையை மடக்கினாள். "நீங்களும் மடக்குங்க... ரெண்டு பேருக்கும் பொதுவா ஒரு உயரம் வைப்போம்."